டெஸ்டர் அண்ணனும் கத்தும் மிஷினும்

திருப்பூருக்கு சோலார் இன்வெர்ட்டர் வந்த புதிதில், அந்த மிஷின் கத்தினால் அதன் வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பெரிய பெரிய ஆட்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான் போய் ஒற்றை விரலில் அடக்கியிருக்கிறேன்.

சரி, பொய். மிஷினில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். என் விரலுக்குப் பதில் ஓர் ஆடு வந்து முட்டியிருந்தாலும் நின்றிருக்கும். மிஷின் என் டேபிளுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆடு கிடைக்கவில்லை, அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

அந்த மிஷினோடு நிஜமாகவே மல்லுக்கு நின்றவர் எங்கள் பனியன் கம்பெனி எலக்ட்ரீஷியன். பேர் டெஸ்டர். அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்; நாங்கள் யாரும் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு டெஸ்டர், எங்களுக்கு டெஸ்டர் அண்ணன். இந்த உலகத்தில் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எதையுமே நம்பாத மனுஷன் அவர் ஒருத்தர்தான். இன்னொருத்தர் இருந்தால் உலகம் தாங்காது.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். கைப்பிடியில் குட்டி பல்பு உள்ள சாதாரண டெஸ்டர்தான். கரண்ட் இருந்தால் பல்பு எரியும். அதை மற்ற எலக்ட்ரீஷியன்கள் ஸ்விட்ச் போர்டில் வைப்பார்கள். இவர் டீக்கடை பாய்லரில் வைப்பார். வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பல்பைப் பார்த்து, "லீக் இல்லீங். ரெண்டு டீ போடுங்" என்பார்.

"ஏனுங், இது கரி அடுப்புங்" என்று டீக்கடைக்காரர் ஒருமுறை பரிதாபமாகச் சொன்னார்.

"இருக்கட்டுமுங். அதுக்கு மேல டியூப்லைட்டு தொங்குதில்லீங்?"

கோயில் உண்டியலில் வைத்தார். பூசாரி பதறிப்போய், "ஏனுங், சாமி மேலயே நம்பிக்கை இல்லீங்களா?" என்றார். "சாமி மேல நொம்ப இருக்குதுங். சீரியல் லைட்டு கட்டுனவன் மேலதானுங் இல்ல" என்று சொல்லிவிட்டுக் காசைப் போட்டார்.

எங்கள் செக்கிங் செக்ஷனில் மயிலாத்தாக்கா என்று ஒருத்தர். தைத்து வந்த பீஸில் ஓட்டை, கறை, விட்ட தையல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற செக்ஷன் அது. அக்காவின் கண்ணுக்கு மனுஷர்களின் ஓட்டையும் தப்பாது. அவர் மகள் கல்யாணத்தில் டெஸ்டர் மேடை ஏறினார். மாப்பிள்ளை கை நீட்டினார். இவர் மாப்பிள்ளையின் மோதிரத்தில் டெஸ்டரை வைத்தார். பின்னால் தொங்கிய அலங்கார விளக்கின் ஒயர் சரியில்லையாம். போட்டோக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளை, டிக்கெட் இல்லாமல் செக்கரிடம் மாட்டியவரைப் போல நிற்கிறார். மயிலாத்தாக்கா அதை மன்னிக்கவே இல்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைலர் தைக்கும்போது பக்கத்தில் நின்று பீஸை மடித்து, எடுத்து, அடுக்கிக் கொடுக்கிறவனுக்குத் திருப்பூரில் கைமடி என்று பேர். எல்லோரும் கைமடியாகச் சேர்ந்து டைலர் ஆவார்கள். கெட்டிக்காரர்கள் முதலாளியே ஆவார்கள். நான் கைமடியாகச் சேர்ந்து, மீசை நரைக்கிற வரைக்கும் கைமடியாகவே நின்றேன். இடையில் ஒருமுறை இரக்கப்பட்டுத் தையல் மிஷினில் உட்கார வைத்தார்கள். டீ-ஷர்ட்டின் கழுத்தைக் கையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இதப் போட்டுக்கறதுக்குத் தனியா ஆளப் பெத்தெடுக்கோணும்" என்று சொல்லி என்னை மறுபடி நிற்க வைத்தார். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எஸ், எம், எல், எக்ஸெல்.

அது கரண்ட் கட் தலைவிரித்து ஆடிய காலம். காலையில் போகும், மத்தியானம் போகும், சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். ஜெனரேட்டர் டீசல் குடிக்கிறதைப் பார்த்து எங்கள் முதலாளி தண்ணீர் குடிப்பார்.

"இன்னொரு ஜெனரேட்டர் எடுத்துப் போட்றலாமா டெஸ்டரு?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேண்டாமுங். மொட்டமாடில வெயிலு சும்மாதானுங் கெடக்குது. சோலார் போடலாமுங்."

"வெயில்ல துணி காயும். லைட்டு எரியுமா?"

"எரியுமுங். எரியலீன்னா என்னையக் கேளுங்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதலாளிகள் எதை மறந்தாலும் 'என்னையக் கேளுங்' என்று சொன்னவனை மறப்பதில்லை.

சோலார் வந்தது. மொட்டை மாடியில் வரிசையாகப் பேனல். மாடிப்படிக்கு அடியில், என் டேபிளுக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டரும் பேட்டரியும். தையல் மிஷினெல்லாம் ஓட்டுகிற அளவுக்கு அதற்குத் தெம்பு கிடையாது; செக்கிங் செக்ஷனுக்கு லைட்டும் ஃபேனும் கொடுத்தது. முதல் கரண்ட் கட்டில் சந்து முழுக்க இருட்டு, எங்கள் செக்கிங் மட்டும் பளிச்சென்று எரிந்தது. டெஸ்டர் மயிலாத்தாக்காவின் டேபிள் முன்னால் போய் நின்றார், ஒரு நல்ல வார்த்தை விழுமா என்று.

அக்கா டியூப்லைட்டை நிமிர்ந்து பார்த்து, "சூரியனுக்குப் புண்ணியமாப் போச்சு" என்றார். அவ்வளவுதான்.

டெஸ்டருக்கு அது போதும். அதற்குப் பிறகு அந்தப் பேனல்களை அவர் கவனித்த மாதிரி மாமியாரைக் கவனித்திருந்தால் சொத்து எழுதி வைத்திருப்பார். எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். அது பேனலில் படிந்தால் கரண்ட் குறையும். அதனால் தினமும் காலையில் பொங்கலூர் பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக மேலே போய், பனியன் வேஸ்ட்டைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு பேனலாகத் துடைப்பார். பனியன் வேஸ்ட் என்றால் கட்டிங்கில் மிஞ்சுகிற துண்டுத் துணி. மிஷின் துடைக்க, கை துடைக்க, வண்டி துடைக்க, திருப்பூரில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

வெயில் காலம் தொடங்கியது. ஒருநாள் காலையில் என் முதுகுக்குப் பின்னால் 'கீய்ங்... கீய்ங்...' என்று சத்தம். யாரோ வேனை ரிவர்ஸ் எடுக்கிறார்கள் என்று நான் வழி விட்டு ஒதுங்கி நின்றேன். கட்டடத்துக்குள் வேன் எப்படி வரும் என்று யோசிக்கிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை.

டெஸ்டர் ஓடி வந்தார். மிஷினில் சிவப்பு லைட்டு மின்னியது. சின்னக் கண்ணாடியில் எழுத்து ஓடியது.

"என்ன போட்டிருக்குதுன்னு படிடா" என்றார், மூச்சு வாங்க.

நான் உற்றுப் பார்த்தேன். "கடைசிக்கு முன்னால ஒரு எல் சைஸ் இருக்குதுங்ணா. மத்ததெல்லாம் நம்ம கம்பெனில தைக்கறதில்லீங்."

என்னைத் தள்ளிவிட்டு அவரே எழுத்துக் கூட்டினார். "ஈ... ஏ... ஆரு... டீ... ஹெச்சு... எர்த்து! எர்த்து ஃபால்ட்டு!" சொந்தக்காரரைத் திருவிழாவில் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"அப்படின்னா என்னங்ணா?"

"கரண்ட்டு போற வழில போகாம, எங்கியோ ஒரு சந்துல பூந்து மண்ணுக்கு எறங்குது. அதச் சொல்லித்தான் கத்துது."

சத்தம் தாங்காமல் நான் பட்டனை அமுக்கினேன். நின்றது. டெஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"கொழந்த அழுதா வாயப் பொத்துவியாடா? எதுக்கு அழுகுதுன்னு பாப்பியா?"

அவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கோளாறு தீராமல் அந்த மிஷின் லைட்டு கொடுக்காது. செக்கிங் செக்ஷன் இருட்டில் மூழ்கியது. இருட்டுக்குள்ளிருந்து மயிலாத்தாக்காவின் குரல் வந்தது.

"ஏனுங் டெஸ்டரே, இன்னிக்கு சூரியன் லீவுங்களா?"

மத்தியானம் பார்த்தால் மிஷின் தானாக வாயை மூடிக்கொண்டு சாதுவாக ஓடியது. மறுநாள் காலையில் மறுபடி கீய்ங். மத்தியானம் சாது. இப்படியே தினமும். என் தூரத்துச் சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான் காலையில் சண்டை போட்டுவிட்டு மத்தியானம் சமாதானம் ஆவார். ஆனால் அவருக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

முதல் வைத்தியம் உப்பு. கம்பெனிக்குப் பின்னால் எர்த் குழி இருந்தது. கரியும் உப்பும் கொட்டிக் கம்பி இறக்கி, கட்டடத்தின் எர்த் ஒயரையெல்லாம் அதில் கொண்டுபோய் முடித்திருப்பார்கள். எந்த ஊர் எலக்ட்ரீஷியனும் எந்தக் கோளாறுக்கும் முதலில் அதில்தான் உப்புத் தண்ணீர் ஊற்றுவார். டெஸ்டர் ஊற்றவில்லை, அபிஷேகம் செய்தார். மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு. அலாரம் நிற்கவில்லை. ஆனால் சந்தில் திரிந்த மாடொன்று உப்பு வாசம் பிடித்து வந்து குழியை நக்கியது. மறுநாள் அது ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிவந்தது. முதலாளியால் காரை எடுக்க முடியவில்லை. ஹாரன் அடித்தார், மாடுகள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு நக்கின.

"டெஸ்டரு, நீ லைட்டுக்கு வைத்தியம் பாக்கறயா, பால் பண்ண வெக்கறயா?"

இரண்டாவது வைத்தியம்தான் கொடுமை. "ஒவ்வொண்ணாக் கழட்டிக் கழட்டிப் பாக்கோணும்டா. எதக் கழட்டுனா சத்தம் நிக்குதோ அதுதான் திருடன்" என்றார். நல்ல யோசனைதான். முதலில் ஃபேன்களைக் கழட்டினார். டியூப்லைட்டைக் கழட்டினார். சத்தம் நிற்கவில்லை. கழட்டுவதற்கு செக்கிங் செக்ஷனில் ஒன்றும் பாக்கியில்லை. அப்போது அவர் கண் சுவரோரம் அடுக்கியிருந்த எவர்சில்வர் டிபன் கேரியர்கள் மேல் விழுந்தது.

"அதெல்லாம் எடுத்துட்டு வெளிய போங்."

டிபன்கள் ரோட்டுக்குப் போயின. சத்தம் நிற்கவில்லை. டெஸ்டர் மெதுவாகத் திரும்பி, செக்கிங்காரம்மாக்களைப் பார்த்தார். நான் கும்பிட்டேன், வேண்டாமுங்ணா என்று. அவர் கேட்கவில்லை. "சித்த நேரம் எல்லாரும் வெளிய நில்லுங். வரிசையா, ஒவ்வொருத்தரா."

மயிலாத்தாக்கா வளையல் குலுங்க இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங், எங்கள்ல ஆரு மண்ணுக்கு எறங்கறான்னு பாக்கறீங்களா? என்ற வளவில கரண்ட்டு ஒழுகுதுங்களா?"

"வளவில இல்லீங். கொலுசுலயா இருக்கலாமுங்."

முதலாளி அப்போதுதான் பேங்குக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். செக்கிங் செக்ஷன் மொத்தமும் டிபன் கேரியரோடு ரோட்டில் நிற்கிறது. ஸ்ட்ரைக் என்று நினைத்து மனுஷன் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, "எதானாலும் பேசித் தீத்துக்கலாமுங்" என்றார். விஷயத்தை நான் விளக்கிச் சொன்னேன். நான் விளக்கிச் சொன்ன எந்த விஷயமும் அதற்குப் பிறகு நன்றாகப் போனதில்லை.

மூன்றாவதாக, மிஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மத்தியானம் வந்தார். மிஷின் அவர் முன்னால் பால் குடிக்கத் தெரியாத பூனையாக ஓடியது. அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், இளநீர் குடித்தார், போனார். மறுநாள் காலையில் கீய்ங்.

முதலாளி டெஸ்டரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். பீஸ் அடுக்குகிற சாக்கில் நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"வெள்ளிக்கெழம காலைல பையிங் ஆபீஸ்ல இருந்து க்யூசி வர்றாரு. சரக்கப் பாத்து அவரு பாஸ் பண்ணுனாத்தான் லாரி ஏறும். அவரு டேபிள்ல நிக்கறப்ப இந்தக் கெரகம் கத்தி லைட்டு போச்சுன்னா, மிஷினப் பழைய இரும்புக்குப் போட்டுருவன். நீயும் பொங்கலூரு பஸ்ஸு ஏறிக்கோ. 'என்னையக் கேளுங்'ன்னு சொன்னயில்ல? கேட்டுப்போட்டன்."

டெஸ்டர் வெளியே வந்தார். முகம் செத்திருக்கும் என்று நினைத்து ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வேல போனாப் போகுதுடா. மோட்டாரு ரிப்பேர் பாத்தாச்சும் கஞ்சி குடிச்சுக்குவன். ஆனா இது எதுக்குக் கத்துதுன்னு தெரியாமப் பஸ்ஸு ஏற மாட்டன். ஏறுனா உக்கோரவும் மாட்டன்."

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணீர் இல்லை. டீயைக் கூட டெஸ்டர் வைக்காமல் குடித்தார். டீக்கடைக்காரர் பயந்துபோய் என்னிடம் தனியாக விசாரித்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே கோடை மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் இன்றைக்குச் செமத்தியாகக் கத்தப்போகிறது என்று நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். பஞ்சுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஆனால் மிஷின் கத்தவே இல்லை. நாள் முழுக்க ஒரு சின்ன முனகல் கூட இல்லை.

டெஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மழைல லீக் ஆகாதது வெயில்ல எப்பிடிடா லீக் ஆகும்?"

"ஞாயித்துக்கெழமயும் கத்தலீங்ணா. வாட்ச்மேன் சொன்னாருங்" என்றேன் நான்.

"லீவு நாள்ல கத்தறதில்ல. மழைல கத்தறதில்ல." அவர் மெதுவாக எழுந்தார். "அப்ப இது கோளாறில்லடா. ஆளு. மழைன்னா மாடிக்கு ஏறமாட்டான், லீவுன்னா கம்பெனிக்கு வரமாட்டான். ஆரோ ஒருத்தன் காலைல மேல போயி என்னமோ பண்றான்."

ஆளைப் பிடித்துவிடுவது என்று முடிவானது. புதன், வியாழன் இரண்டு காலையும் துடைத்து முடித்ததும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒரு காக்காய் வந்தது. ஓர் அணில் வந்தது. ஆள் வரவில்லை. ஆனால் கீழே மிஷின் கத்தியது. வியாழக்கிழமை இறங்கி வரும்போது வெயிலில் முகம் சாயப்பட்டறைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. மயிலாத்தாக்காவுக்கே மனசு இளகிவிட்டது. மோரை ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் கொடுத்து, "நாங் குடுத்தன்னு சொல்லாத" என்றார். சொன்னேன். குடித்தார். டம்ளரில் டெஸ்டரை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. க்யூசி வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி, கழுத்தில் டேப், கையில் பேனா டார்ச். செக்கிங் டேபிளில் சரக்கு அடுக்கியாயிற்று. முதலாளி நெற்றி நிறைய விபூதி. கரண்ட் இருந்தது. ஆனால் படிக்கு அடியில் மிஷின் கீய்ங் கீய்ங் என்று கத்திக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் ஒரு கட்டுத் துணியைப் போட்டு, அதன் மேல் நானும் சாய்ந்து, அமுக்க அமுக்க மறுபடி கத்தியதால் விரலைப் பட்டனிலேயே வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றேன். கரண்ட் போனால் தீர்ந்தது கதை.

மேலே டெஸ்டர் பேனல் பேனலாக ஒயரைக் கழட்டிக்கொண்டிருந்தார். படி வழியாகக் குரல் வந்தது.

"இப்பக் கத்துதாடா?"

"கத்துதுங்ணா!"

"இப்ப?"

"கத்துதுங்ணா!"

க்யூசி தம்பி நிமிர்ந்தார். "என்ன அண்ணாச்சி, மேல யாரு?"

"ஒண்ணுமில்லீங், பூச போட்டுட்டிருக்காங்க" என்றார் முதலாளி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஹால் முழுக்க இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் முதலாளியின் விபூதி மட்டும் தெரிந்தது. என் விரலுக்குக் கீழே மிஷின் கத்தியது. அன்றைக்குப் பொங்கலூர் பஸ்ஸில் டெஸ்டருக்கு சீட் கிடைக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சத்தம் நின்றது. லைட்டு பளிச்சென்று எரிந்தது.

"இப்ப?"

"நின்னுருச்சுங்ணா!" என்று கத்தினேன், தொண்டை கிழிய.

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் சாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்திருப்பார்கள். லைட்டு அணைந்தது. கீய்ங்.

"இப்ப?"

"கத்துதுங்ணா! உட்ருங்ணா!"

லைட்டு எரிந்தது. "இப்ப?" அணைந்தது. "இப்ப?" எரிந்தது. மனுஷன் மேலே என்னமோ விளையாடிக்கொண்டிருந்தார். நான் பட்டனை அதன் விதிக்கு விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

டெஸ்டர் கடைசிப் பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கையில் சொட்டச் சொட்ட நனைந்த நீல நிறப் பனியன் வேஸ்ட். பேனலின் முதுகுப் பக்கத்தில் இரும்புச் சட்டத்துக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஒயர் ஜாயின்ட்டில் சுற்றியிருந்த டேப் வெயிலில் வெந்து உரிந்திருந்தது. ஈரத்துணியை அந்தச் சந்தில் வைத்தார், கீழே கத்தியது. எடுத்தார், நின்றது.

"அண்ணா, இத இங்க ஆருங்ணா வெச்சது?"

அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"நாந்தான்டா! தெனமும் தொடச்சுப்போட்டு, காத்துல பறக்காம இருக்கட்டும்னு இங்கதான் செருகி வெப்பன். மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும், சத்தமும் நின்னுரும். லீவு நாள்ல தொடைக்கறதில்ல. மழைல மழையே கழுவிரும், தொடைக்கறதில்ல. ஆளுன்னு சொன்னன் பாரு? ஆளேதான்!"

ரெண்டு நாள் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து அவர் பிடிக்கப் பார்த்தது அவரையேதான். "அண்ணா, மெதுவாப் பேசுங். ஆருக்கும் தெரியாது. அணிலு கொண்டாந்து வெச்சுதுன்னு சொல்லிப்போடலாமுங். கூடு கட்டுச்சுன்னு சொல்லலாமுங்."

டெஸ்டருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அணிலா? இத்தன நாளாச் சோறு திங்காமக் கண்டுபுடிச்சது நானு. பேர அணிலுக்குக் குடுக்கச் சொல்றயா?"

"பேரு அணிலுக்கில்லீங்ணா, பழி அணிலுக்கு!"

அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார். ஹாலுக்கு நடுவில் போய் நின்று, "புடிச்சுட்டனுங்! கெடச்சுட்டானுங்!" என்றார்.

முதலாளி எழுந்துவிட்டார். "ஆரு? ஆரவன்?"

"நாந்தானுங்!"

இப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரும் தன்னைத் தானே காட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ஈரத்துணி, சந்து, டேப், மழை, லீவு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். தண்ணீர் சொட்டி அவர் காலடியில் குளம் கட்டியது. செக்கிங்கில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். முதலாளியின் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. வாயைத் திறந்தார். பஸ் என்ற வார்த்தை அவர் உதட்டு நுனி வரைக்கும் வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

அதற்குள் க்யூசி தம்பி கையை நீட்டி அந்தத் துணியை வாங்கினார். தொழில் புத்தி. இழுத்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், டேபிளில் இருந்த நீல டீ-ஷர்ட் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது இதே லாட்டா? இதே சாயத்துல முக்கினதா?"

முதலாளி செக்கிங் பக்கம் திரும்பிப் பார்த்தார். மயிலாத்தாக்காதான் எழுந்தார். "அதே லாட்டுத்தானுங் தம்பி. முன்ன சேம்பிளுக்கு வெட்டுனதுல மிஞ்சுன வேஸ்ட்டுங்."

"தினமும் நனைச்சு, தினமும் வெயில்ல காயப் போட்டிருக்காரா? எத்தனை நாளா?"

"வெயிலு தொடங்குனதுல இருந்துங்" என்றார் டெஸ்டர், பெருமையாக.

"சாயம் கொஞ்சங்கூடப் போகலையே." தம்பி துணியை மடித்து டேபிளில் வைத்தார். "எங்க லேபுல கூட இந்தப் பாடு படுத்த மாட்டோம் அண்ணாச்சி. சரி, பீஸ எடுங்க, பாப்போம்."

முதலாளி திறந்த வாயை மூடினார். ஈரத்துணியையும் டெஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "மிஷினு இருக்கட்டும்" என்றார். அப்புறம், "அந்த டேப்ப மொதல்ல சுத்து. துணிய வேற பக்கம் காயப் போடு" என்றார். பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை.

டெஸ்டர் மாடிப்படி ஏறும்போது மயிலாத்தாக்கா தலை நிமிராமல் பீஸைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "ஏனுங் டெஸ்டரே, எம் மாப்பளகிட்டச் சொல்றனுங். அன்னிக்கு அவரு மோதிரத்த உட்டுப்போட்டு நீங்க உங்களையே தொட்டுப் பாத்திருந்தா இத்தன நாளுச் சிரமமில்லீன்னு." அக்கா சிரித்துவிட்டார். டெஸ்டர் அண்ணன் படியிலேயே நின்று வெட்கப்பட்டார். அந்த வயதில் ஓர் ஆம்பளை அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அவர் கதையில் இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு கம்பெனிக்கு லிஃப்ட் வந்தது, சரக்கு ஏற்றுகிற லிஃப்ட். அதில் பீஸ் ஏறுவதற்கு முன்னால் தான் ஏறிப் பார்க்க வேண்டும் என்று டெஸ்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திக்கொண்டு உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டு, நான் போய்க் கதவில் காதை வைத்தால்—

இருங்கள், வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்.

"ஏனுங், டெஸ்டர் அண்ணன் வந்து வாசல்ல நிக்கறாருங். ஆட்டோவ வேற நிக்க வெச்சிருக்கறாரு. எழுதுனது போதும், எந்திரிங்."

எனக்குக் கொஞ்ச நாளாக இருமல். காலமெல்லாம் பஞ்சுக்குள் நின்ற உடம்பு இருமாமல் பாட்டா பாடும் என்று, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு தடவை இருமிவிட்டேன். அவ்வளவுதான். இந்த வயதில் பொங்கலூரிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்கிறார். கோயமுத்தூருக்குப் போகணுமாம், பெரிய டாக்டராம், படம் எடுத்துப் பார்க்கணுமாம். ஒண்ணுமில்லீங்ணா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒண்ணுமில்லீன்னு சொல்றதுக்கு நீ ஆருடா? எதுக்குன்னு தெரியாம நான் உடமாட்டன்" என்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் பயம்தான், வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் விடமாட்டார். எனக்கு இருக்கிற தைரியமே அதுதான்.